அனுஷமும் அனிழமும்

தான் பிறந்த நாளைத் தானாக அறிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. பிறர் சொல்லித்தான் அறிகின்றோம். பெற்ற தாய் நோவின் மயக்கத்தில் கிடக்கின்றாள். பிறந்த குழவியோ அழுகையன்றி வேறொன்றும் அறியாது. வாசலில் நின்று நேரம் பார்த்தவர், சுவரில் கரித்துண்டால் குறித்து வைத்தவர், மறுநாள் பஞ்சாங்கத்தை விரித்துப் பார்த்தவர் ஆகிய இவர்கள் நினைவில் வைத்திருந்து சொன்னதையே நாம் 'எனது பிறந்தநாள்' என்று உரிமை பாராட்டுகின்றோம். ஆதலின், பிறந்தநாள் பிறந்தவருக்கு உரியது என்பதினும், அதை எண்ணி வைத்திருப்பவருக்கு உரியது என்பதே பொருந்தும். சொந்த ஊரில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் புலப்படுவதில்லை. எண்ணி வைத்திருக்க அங்கே பத்துப் பேர் உண்டு. ஊரைவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டு வந்தவர்க்கே, எண்ணுவதற்கு ஒருவரேனும் வேண்டும் என்பது தெரியவரும். எங்களுக்கு அது தெரியவந்த வரலாற்றை இம்மலரில் எழுதுகின்றோம். இதைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய கதை ஒன்றேனும் இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் தாமிரவருணிக் கரையில், அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து 1974-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற்கு வந்தோம். எங்களுள் ஒருவருக்கு இங்கே நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் பணி கிடைத்தது. மற்றவர் உடன் வந்தார். அயல்நாடு வந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. கடல் கடக்கவில்லை; மலையைத்தான் சுற்றி வந்தோம். அந்நாளில் நாகர்கோவில் வழியாக இருப்புப்பாதை கிடையாது. செங்கோட்டை, கொல்லம் என்று சுற்றி வரவேண்டும். இல்லையேல் பேருந்தில் நாகர்கோவில் வந்து மாறவேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியே கன்னியாகுமரிக்கு 1979-இலும், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981-இலும் தொடர்வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே எங்கள் ஊர் அருகில் வந்தது.

தொலைவு சிறிதாயினும் வேற்றிடம் வேற்றிடமே. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அன்று வரைந்த எல்லைக்கோடு நிலத்தில் மட்டும் விழுந்ததன்று. பள்ளிப் பாடநூலிலும், பேருந்தின் பெயர்ப்பலகையிலும், வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் விழுந்தது. கரமனையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச்சென்ற மலையாள நாட்காட்டி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு எங்கள் தமிழ் நாட்காட்டியை மாட்டினோம். எட்டு ஆண்டுகள் கழித்து அந்த மலையாள நாட்காட்டியின் அருமை எங்களுக்குத் தெரியவரும் என்று அன்று யார் கண்டார்கள்?

எங்கள் மகன் 1976 அக்டோபர் 25 திங்கட்கிழமை, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் முற்பகலில், ஊரில் ஆச்சியின் வீட்டில் பிறந்தான். தமிழ்க் கணக்கில் அது ஐப்பசி ஒன்பதாம் நாள்; நட்சத்திரம் அனுஷம். நேரம் பார்த்துக் குறித்தவர் ஆச்சிதான். எங்களுள் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் பஞ்சாங்கத்தைப் பிழையறப் பார்ப்பார். பேரப்பிள்ளைகள் பதினொருவரின் மாதமும் நட்சத்திரமும் அவருக்கு மனப்பாடம்.

முதலாண்டு நிறைவை ஊரிலேயே கொண்டாடினோம். எங்கள் குலதெய்வமாகிய சாஸ்தா கோயிலில் முடியிறக்கிக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் இருந்து அவன் அழுத அழுகையில் ஆலமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. அதன்பின் ஆண்டுதோறும் ஊர் செல்ல விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே, புரட்டாசி முடியும் தறுவாயில் ஆச்சியிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வரும். பென்சிலால் எழுதிய பெரிய பெரிய எழுத்துகள். நலம் விசாரிப்பு ஒரு வரி, பிறகு செய்தி. ஐப்பசியில் இன்ன தேதி, இன்ன கிழமை பிள்ளைக்கு அனுஷம் வருகிறது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும், புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவவும், பாயசம் வைக்கவும். கடைசி வரி எந்த ஆண்டிலும் மாறியதில்லை: 'அன்றைக்குப் பிள்ளையை அழவிடக் கூடாது.'

1978 முதல் 1981 வரை இவ்வாறு நான்கு அட்டைகள் வந்தன. நட்சத்திரம் எப்போது வருகின்றது என்று நாங்கள் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவை என்ன? அட்டை வரும், அடுப்பு மூட்டுவோம், அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆங்கிலத் தேதி. அக்டோபர் 25-ஐ ஒட்டி வகுப்பில் மிட்டாய் கொடுத்து அனுப்புவோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பிறந்தநாள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

நட்சத்திரப் பிறந்தநாள் ஏன் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகின்றது என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தேழேகால் நாளுக்குச் சிறிது மிகுதியாகும். அந்த வட்டத்தை இருபத்தேழு பங்காக்கி, பங்குக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தனர் முன்னோர். ஆதலின் நாளுக்கு ஒரு நட்சத்திரமாக வருகின்றது. மாதத்தையோ கதிரவனைக் கொண்டு கணக்கிடுகின்றோம். மாதத்திற்கு முப்பது நாள். நட்சத்திரச் சுற்றுக்கு இருபத்தேழு நாள். ஆகவே சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் தலைகாட்டும். அவ்வாறு இருமுறை வருமாயின் இரண்டாவதைக் கொள்வது பெருவழக்கு. இக்கணக்கு மலைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றே. தமிழர் ஐப்பசி என்பதை மலையாளிகள் துலாம் என்பர். நாம் அனுஷம் என்பதை அவர்கள் அனிழம் என்பர். கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டும் நமக்குப் புதியதன்று. எங்கள் பாட்டனார் காலத்து நிலப்பத்திரங்களில் கொல்லம் ஆண்டே எழுதியிருக்கும்.

பிறந்த நட்சத்திரத்தைப் போற்றுவதில் இந்நகருக்கு இணையாக வேறு நகரைச் சொல்லுதல் அரிது. இதை ஆண்ட மன்னர்களே பிறந்த நட்சத்திரத்தைப் பெயராகத் தாங்கியவர்கள் அல்லரோ? இசையால் உலகறிந்த சுவாதித் திருநாள், ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள் என்று அப்பட்டியல் நீளும். 1912 நவம்பர் 7-இல் பிறந்த சித்திரைத் திருநாள், திருவிதாங்கூரின் கடைசி மன்னர். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவுகளைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்தை அவர் தம் பிறந்தநாளை ஒட்டி வெளியிட்டார். அதன் தேதி 1936 நவம்பர் 12. ஆங்கிலத் தேதிக்கும் அதற்கும் ஐந்து நாள் வேறுபாடு. அம்மன்னர் கொண்டது துலாம் மாதத்துச் சித்திரை நட்சத்திரத்தை. தம் பிறந்தநாளில் தமக்குப் பொருள் சேர்ப்பதை விடுத்துப் பிறர்க்கு வழி திறந்ததனால், அந்தப் பிறந்தநாளை நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கின்றது.

இந்த நட்சத்திரப் பெருமைகளையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அடுத்த வீட்டு மூதாட்டி. எங்கள் மகன் அவரை 'அம்மூம்மா' என்று அழைப்பான். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். கைக்குழந்தையோடு ஊரிலிருந்து திரும்பிய நாளில், வேலிக்கு அப்பாலிருந்து அவர் கேட்ட முதற்கேள்வி, "மோன்டெ நாள் ஏதாணு?" என்பது. அனுஷம் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "அனிழம்! மார்த்தாண்டவர்ம மகாராஜாவின்டெ நாளல்லே!" என்றார். 1729 முதல் 1758 வரை ஆண்டு திருவிதாங்கூரைப் பேரரசாக்கிய மார்த்தாண்டவர்மரின் முழுப்பெயரிலும் அனிழம் திருநாள் என்பது உண்டு. அன்று தொட்டு அவன் அந்த வீட்டுக்குச் செல்லப்பிள்ளையானான். பேச்சு வந்தபோது மலையாளமே முதலில் வந்தது. எங்களுக்கு அது முதலில் வேடிக்கையாகவும், பின்னர் உறுத்தலாகவும் இருந்தது.

இனி 1982-ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஆச்சி காலமானார். ஊருக்குச் சென்று செய்ய வேண்டியவற்றைச் செய்து திரும்பினோம். ஆண்டுத் துக்கம் ஆதலின் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை, கோயிலுக்குப் போவதில்லை, அடுப்பில் இனிப்பு ஏறுவதில்லை. மகன் அப்போது முதல் வகுப்பு. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழை வீட்டிலேயே கற்பிப்பது என்று உறுதி கொண்டு, மாலைதோறும் சிலேட்டும் பலகையுமாக அமர்ந்தோம். அவனுக்கு அதில் நாட்டமில்லை. வேலிக்கு அப்பால் விளையாட்டுக் குரல் கேட்கும். இங்கே ஙகரமும் ஞகரமும். ஒரு புதன்கிழமை மாலையில் அவன் சிலேட்டைத் தள்ளிவிட்டு, "எனிக்கு வேண்டா" என்று மலையாளத்தில் சொன்னான். தமிழில் சொல் என்றோம். மறுபடியும் அதையே சொன்னான். எங்களுக்குச் சினம் மூண்டது. பிரம்பை எடுத்துவிட்டோம். அழுதுகொண்டே உண்ணாமல் உறங்கிப்போனான்.

அந்த வாரச் சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குச் சென்றோம். பள்ளியில் கொடுப்பதற்கான மிட்டாய் வாங்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்துத் தமிழர்க்குச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தெருவின் மனிதர்களைத்தாமே ஆ. மாதவன் தம் கதைகளில் வாழவைத்தார். கடைக்காரர் மிட்டாயை எண்ணிக் காகிதப் பையில் இட்டுக்கொண்டே, "பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டார். அவரும் நம் பக்கத்துக்காரர். சொல்ல வாயெடுத்தபோதுதான் நெஞ்சில் திடுக்கிட்டது. இவ்வாண்டு அஞ்சலட்டை வரவில்லை! எவ்வாறு வரும்?

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். ஐப்பசி 4, புதன்கிழமை, அனுஷம். மூன்று நாள் முன்பே கடந்து போயிருந்தது. மாதம் முழுவதும் தேடினோம். ஐப்பசியில் வேறு அனுஷம் இல்லை. புதன்கிழமை என்றதும் எங்களுள் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிரம்பெடுத்த நாள் அதுவே. பாயசம் வைக்காததும் புதுத்துணி எடுக்காததும் துக்க ஆண்டில் குறையாகா. ஆச்சி நான்கு அட்டைகளில் நான்கு முறை எழுதிய அந்த ஒரு வரியை மீறிவிட்டோம். அவர் போன நான்காம் மாதத்திலேயே மீறிவிட்டோம்.

மகனிடம் இதைச் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு நட்சத்திரக் கணக்கு எங்கே தெரியப்போகின்றது? திங்களன்று வகுப்பில் மிட்டாய் கொடுத்தான்; மகிழ்ச்சியோடு திரும்பினான். அவன் மறந்துவிட்டான், எங்களால்தான் இயலவில்லை. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் நடுவில் வந்தது. நாங்கள் விளக்கணைத்து உறங்கினோம்.

தீபாவளியை அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. துலா மழை இரவெல்லாம் பெய்து விடியலில் ஓய்ந்திருந்தது. நனைந்த வேலிப்படலைத் திறந்துகொண்டு அம்மூம்மா வந்தார். குளித்து, ஈரத்தலையில் துளசி வைத்திருந்தார். ஒரு கையில் மூடிய தூக்குப் பாத்திரம். மறுகையில் வாழையிலைக் கீற்றில் சந்தனமும் பூவும். "மோன் எவிடெ? இன்னு மோன்டெ பிறந்நாளாணல்லோ!" என்றார்.

நாங்கள் திகைத்தோம். பிறந்தநாள் ஐப்பசி நான்கிலேயே போய்விட்டது. இன்று கார்த்திகை முதல் நாள் ஆகிவிட்டது என்றோம். அம்மூம்மா சிரித்தார். "கார்த்திகையோ? இன்னு துலாம் முப்பது" என்றார். தம் வீட்டு நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அவர் சொன்னது உண்மையே. அவ்வாண்டு துலாம் மாதத்தில் இரண்டு அனிழம். ஒன்று தொடக்கத்தில், மற்றொன்று கடைசி நாளாகிய அன்று. இரண்டாவதைத்தான் கொள்ள வேண்டும் என்றார்.

ஒரே கதிரவன், ஒரே நிலா. எங்களுக்குக் கார்த்திகை பிறந்துவிட்ட நாளில் வேலிக்கு அப்பால் துலாம் எவ்வாறு மிஞ்சியிருந்தது? பின்னர் விவரம் அறிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கதிரவன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் புகுவது சூரியன் மறைவதற்கு முன்பாயின் அந்த நாளையே தமிழர் மாதத்தின் முதல் நாளாகக் கொள்வர். மலையாளிகள் பகலை ஐந்து பங்காக்கி, முதல் மூன்று பங்கிற்குள் புகுந்தால்தான் அந்த நாளைக் கொள்வர். பிந்தினால் மறுநாளே முதல் நாள். அந்தச் செவ்வாயன்று கதிரவன் விருச்சிகத்தில் புகுந்தது பிற்பகலில். ஆகவே எங்களுக்குக் கார்த்திகை ஒன்று. அவர்களுக்குத் துலாம் முப்பது. சித்திரை முதல் நாளும் விஷுவும் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி வருவது இதனாலேதான். எங்கள் நாட்காட்டியில் மூடிவிட்ட கதவு அவர் நாட்காட்டியில் இன்னும் ஒரு பகல் திறந்திருந்தது.

துக்க வீட்டில் இனிப்புச் சமைக்கலாகாது. பிறர் கொண்டுவந்து கொடுத்தால் உண்ணலாம் என்பது நம் வழக்கம். அம்மூம்மாவுக்கு அதுவும் தெரிந்திருந்தது. குத்துவிளக்கை ஏற்றச் சொன்னார். மகனைக் கிழக்கு நோக்கி அமர்த்தி, வாழையிலை இட்டு, தூக்குப் பாத்திரத்திலிருந்த அடைப் பிரதமனைத் தம் கையால் பரிமாறினார். நெற்றியில் சந்தனம் தொட்டுவைத்தார். அவன் இலையை வழித்து உண்டான். "அம்மூம்மா, இனியும் வேணும்" என்றான். அன்று அவனைத் தமிழில் சொல் என்று நாங்கள் சொல்லவில்லை.

இலைக்கீற்றோடு கோயிலில் கொடுத்த வழிபாட்டுச் சீட்டும் இருந்தது. புஷ்பாஞ்சலிச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதுவார்கள் அல்லவா? அதில் இரண்டு பெயர்கள். ஒன்று எங்கள் மகனுடையது. மற்றொன்று யாருடையது என்று வினவினோம். தம் பேரனுடையது என்றார். எழுபதுகளில் கேரளத்து இளைஞர் பலரைப் போல அவர் மகனும் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் சென்றவர். பேரன் அங்கேயே பிறந்தான். அவனுக்கும் அனிழம் நட்சத்திரம். அம்மூம்மா அவனைப் பார்த்தது ஒரே ஒருமுறை. மாதந்தோறும் அனிழத்தன்று கோயிலுக்குச் சென்று அவன் பெயரில் புஷ்பாஞ்சலி செய்விப்பார். பக்கப் பிறந்தநாள் என்பர் அதை. எங்கள் மகன் இங்கு வந்த மாதம் முதல் அவன் பெயரையும் சேர்த்தே சீட்டு எழுதி வந்திருக்கின்றார். எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "அவிடெ என்டெ மோன்டெ குஞ்ஞினு ஆரெங்கிலும் காணும்" என்றார். அங்கே என் பேரனுக்கு யாராவது இருப்பார்கள் என்பது அதன் பொருள். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் பிள்ளைக்கு எண்ணி வைத்திருந்தவர் ஆச்சி ஒருவரே என்று எண்ணியிருந்தோம். மாதந்தோறும் வேலிக்கு அப்பால் இன்னொருவர் எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது எங்களுக்கு வேறொன்றும் தோன்றியது. அதைச் சொல்ல நாணமாக இருக்கின்றது. எட்டு ஆண்டுகள் அடுத்த வீட்டில் வாழ்ந்தோம். கருவேப்பிலையும் மோரும் கடன் வாங்கினோம். காய்ச்சல் கண்ட இரவில் அவர் கதவைத் தட்டினோம். அந்த அம்மையாரின் நட்சத்திரம் எது என்று ஒருமுறையேனும் கேட்டோமா? இல்லை. அன்று கேட்டோம். "எனிக்கோ?" என்று வியந்தார். தம் நாளை யாரும் கேட்டுப் பல காலம் ஆயிற்று என்பது அந்த வியப்பிலேயே தெரிந்தது. மீனம் மாதத்துப் பூராடம் என்றார்.

அவ்வாண்டு நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். முதலாவது, மலையாள நாட்காட்டி ஒன்று வாங்கித் தமிழ் நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டினோம். இரண்டையும் பார்க்கக் கற்றோம். இனி அட்டை எழுத ஒருவரும் இல்லை. எண்ண வேண்டியவர்கள் நாங்களே. அடுத்த பங்குனியில், மலையாளிகளின் மீனத்தில், பூராடம் வந்த நாளில் பாயசம் செய்து அம்மூம்மா வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். எங்கள் துக்க ஆண்டு முடியவில்லை. ஆகவே வெல்லமும் தேங்காயும் கொண்டுபோய் அவர் வீட்டு அடுப்பிலேயே வைத்தோம். விளக்கின்முன் அவரை அமர்த்திப் பரிமாறியவன் எங்கள் மகன். ஒரு வாய் உண்டு, சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சர்க்கரை அல்பம் குறவாணு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாவது, பிரம்பை அடுப்பிலிட்டோம். ஙகரத்தையும் ஞகரத்தையும் ஒதுக்கிவைத்து, ஆச்சியின் அட்டைகளை எடுத்தோம். "இது உனக்கு வந்த கடிதம், படிக்கத் தெரியாமையால் எங்களிடமே இருக்கின்றது" என்று அவனிடம் கொடுத்தோம். தனக்கு வந்த கடிதம் என்றதும் அவனுக்கு வந்த ஆவல் எந்த அரிச்சுவடியாலும் வராதது. பென்சிலால் எழுதிய அந்தப் பெரிய எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். ஓர் ஆண்டில் முதல் அட்டையைத் தடையின்றிப் படித்து முடித்தான். கடைசி வரிக்கு வந்தவன் நிமிர்ந்து பார்த்து, "இதை நீங்கள் படிக்கவில்லையா?" என்று கேட்டான், தமிழில். அவன் மறந்துவிட்டான் என்று நாங்கள் நினைத்தது தவறு.

பின்னர் அவன் தமிழை நன்றாகவே கற்றான். தமிழகத்துப் பள்ளிகளில் பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்திலிருந்து எடுக்கப்பட்டது என்றும், அதை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து இந்தத் திருவனந்தபுரத்தில் கற்பித்தவர் என்றும் அறிந்த நாளில் அவன் அடைந்த பெருமிதம் சிறிதன்று. ஊரை விட்டு வந்ததால் தமிழ் குறையும் என்பது விதியன்று என்று அவனே எங்களுக்குச் சொன்னான். மலையாளத்தையும் அவன் விடவில்லை. அம்மூம்மாவின் கடைசி நாட்களில், வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டியவன் அவனே.

ஆண்டுகள் பல கடந்தன. மகன் இப்போது குடும்பத்தோடு கனடாவில், டொராண்டோ நகரில் இருக்கின்றான். அது உண்மையிலேயே கடல் கடந்த நாடு. அவனுக்கு ஒரு மகள். அவள் பிறந்தநாளைக் குறித்து அண்மையில் தொலைபேசியில் ஓர் ஐயம் கேட்டான். நம் கடிகாரம் அவர்கள் கடிகாரத்திற்கு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் முந்தி ஓடுகின்றது. ஆதலால் இங்கே புதன்கிழமைக்கு உரிய நட்சத்திரம் அங்கே செவ்வாய்க்கு உரியதாகிவிடும். "எந்த ஊர்க் கணக்கைக் கொள்வது?" என்றான். பிள்ளை எங்கே இருக்கின்றதோ அந்த ஊர்க் கணக்கை என்றோம். முன்பொரு காலத்தில் எங்கள் நாட்காட்டியே சரி என்றிருந்தவர்கள்தாம் நாங்கள்.

தொலைபேசியை வைக்குமுன் வேறொன்றும் கேட்கத் தோன்றியது. "உங்கள் அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மையார் தனியாக இருக்கின்றார் என்றாயே, அவர் பிறந்தநாள் எப்போது என்று கேட்டாயா?" என்றோம்.

"அவர்களுக்கு நட்சத்திரம் இல்லை அம்மா, தேதிதான்" என்றான். "அடுத்த மாதம் பன்னிரண்டு. பாயசம் கொண்டுபோகப் போகின்றோம். சர்க்கரை மட்டும் எவ்வளவு போடுவது என்று சொல்லுங்கள்."